புழக்கடையும் கற்றளமும்

புதிதாக வீடு கட்டுவோர் தம் பொருளையும் கருத்தையும் முகப்பின்மேற் செலுத்துதல் இயல்பு. தெருவிற் செல்வோர் காண்பது முகப்பே யாதலின், அதற்கு வண்ணமும் வளைவும் தூணும் விளக்கும் அமைத்து மகிழ்வர். வீட்டின் பின்னே எஞ்சி நிற்கும் சிறு நிலமோ, உடைந்த நாற்காலிக்கும் துருப்பிடித்த இரும்புக்கும் உறைவிடமாக ஒதுக்கப்படும். அன்றேல் ஒரே நாளிற் சிமெண்டுக் காரை பூசி மறக்கப்படும். ஆயினும் வீட்டில் வாழ்வோர் முகப்பில் வாழ்வதில்லை. பாத்திரம் விளக்குதலும், துணி துவைத்தலும், மாலையிற் காற்று வாங்குதலும், மகார் ஓடியாடுதலும் நிகழும் இடம் புழக்கடையே யாம். அச்சிறு நிலத்தைக் கல்லாலும் மண்ணாலும் எங்ஙனம் திருத்தியமைப்பின் அது வாழ்விடமாகும் என்பதனைத் திருப்பூர் வட்டாரத்தை நிலைக்களமாகக் கொண்டு சிறிது ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயில்வோர் எப்பொருளைத் தொடினும் முதற்கண் அதன் பெயரைத் தொடுதல் வழக்கம். இல்லத்தின் முன்னிடத்தை நம் முன்னோர் முன்றில் என்றனர். இல்முன் என நிற்கவேண்டிய சொல் முன்பின்னாக மாறி நின்றதாக இலக்கண நூலார் இதனைக் காட்டுவதை மாணவர் அறிவர். பின்னிடத்திற்குப் புழைக்கடை என்று பெயர். அதுவே புழக்கடை என மருவிற்று. புழை என்பது துளை, சிறுவாயில் எனப் பொருள்படும். கடை என்பதும் வாயிலே. ஆகவே, வீட்டின் பின்புறத்துச் சிறு திறப்பினையே அப்பெயர் குறித்தது. கொங்கு நாட்டார் அதனைப் பொடக்காளி என்பர். திறப்பு என்னும் இப்பொருள் வெறுஞ் சொல்லாராய்ச்சி யன்று. அடைபடாது திறந்திருத்தலே அவ்விடத்தின் உயிர்நிலை என்பது பின்னர் விளங்கும்.

கொங்கு நாட்டின் பழைய வீடுகளில் திறந்தவெளிக்குக் குறைவில்லை. செல்வர் வாழ்ந்த தொட்டிக்கட்டு வீட்டின் நடுவே வானம் நோக்கிய முற்றம் இருந்தது. உழவர் குடியிருப்பில் வாசல் என்பதே அகன்ற வெளியைக் குறித்தது. தானியம் காய்ந்ததும், கட்டில் போட்டுப் படுத்ததும், உறவினர் கூடியதும் அவ்வாசலிலேதான். பின்னே பொடக்காளியில் நீர்த்தொட்டியும் துவைகல்லும் முருங்கை மரமும் இருந்தன. நாலைந்து குடும்பங்கள் ஒரு பொதுவெளியைச் சூழ்ந்து வாழ்ந்த இடம் வளவு எனப்பட்டது. இவ்விடங்களில் மண்ணும் கல்லும் தத்தம் பணியைத் தாமே பகுத்துக்கொண்டிருந்தன. கால் மிகுதியும் படும் இடத்திலும் நீர் சிந்தும் இடத்திலும் பலகைக்கல் கிடந்தது. மற்றையிடம் சாணம் மெழுகிய மண்ணாகவே இருந்தது.

நிற்க. இன்றைய திருப்பூரின் நிலை வேறு. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிற் சிறுதொழிலாக முளைத்த பனியன் நெசவு இன்று உலகச் சந்தைக்கு ஆடை அனுப்பும் பெருந்தொழிலாயிற்று. ஊர் 2008ஆம் ஆண்டில் மாநகராட்சியாயிற்று. 2009ஆம் ஆண்டில் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. தென்மாவட்டங்களினின்றும் வடமாநிலங்களினின்றும் வேலை நாடி வந்தோர்க்கு உறைவிடம் வேண்டியிருந்தமையின், தோட்டங்கள் மனைகளாயின, மனைகள் துண்டுகளாயின, ஒவ்வொரு துண்டிலும் லைன் வீடுகளும் காம்பவுண்டு வீடுகளும் எழுந்தன. பழைய வளவின் அகன்ற வெளி பத்தடி அகலச் சந்தாகச் சுருங்கிற்று. ஆயினும் அதன் பணி சுருங்கவில்லை, பெருகிற்று. கம்பெனிக்குச் செல்லவியலாத மகளிர் பலர் வீட்டிலிருந்தபடியே ஆடைகளின் பிசிறு வெட்டுதல் முதலிய சில்லறை வேலைகளைச் செய்கின்றனர். ஓரறை வீட்டினுள் வெளிச்சம் போதாமையால், துணிமூட்டையை அவிழ்த்துக்கொண்டு அவர்கள் அமர்வது அச்சந்திலேதான். ஆகவே, புழக்கடை அவர்கட்குச் சமையற்கட்டின் நீட்சி, தொழிற்கூடம், கோடை யிரவிற் படுக்கையறை, பிள்ளைகட்கு விளையாட்டுத்திடல். அதனைச் செம்மை செய்தல் செல்வரின் ஆடம்பரம் என்று எண்ணுவது பெரும் பிழையாம்.

இனி, அவ்விடத்திற்குத் தளம் வேண்டுவது ஏன் என்று வினவலாம். மழை பெய்யிற் செம்மண் சேறாகும். கரிசலோ காலைப் பற்றிக்கொண்டு விடாது. காற்றடிப்பிற் புழுதி எழும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடித் திங்களில் வீசும் மேல்காற்று இவ்வட்டாரத்தார் நன்கறிந்த தொன்று. வெள்ளைத் துணியை மடியில் வைத்துப் பிசிறு வெட்டுவார்க்குப் புழுதி கூலியையே குறைக்கும் பகையாகும். முதியோர் வழுக்கி விழாமைக்கும், தேளும் பூரானும் ஒளியாமைக்கும், பெருக்கித் துடைத்துக் கோலமிடுதற்கும் திண்ணிய தளம் நன்று. கல்லுக்கும் இந்நாட்டிற் பஞ்சமில்லை. வேலிக்குக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுதலும், கருங்கற்றூண் நிறுத்திக் காய்கறிப் பந்தல் போடுதலும் கொங்கு நாட்டிற் கண்கூடு. திருப்பூரை அடுத்த திருமுருகன்பூண்டியில் உளியோசை இன்றும் ஓயவில்லை. அங்குச் சிற்பிகள் கற்சிலைகளைச் செதுக்கிப் பல ஊர்களுக்கும் அனுப்புகின்றனர். ஆகவே, தளம் வேண்டா என்பது எம் கருத்தன்று. எவ்வளவு தளம், எத்தகைய தளம் என்பதே வினா.

இக்காலத்தார் பெரும்பாலும் செய்வது, சுவர் முதற் சுவர் வரை இடைவெளியின்றிச் சிமெண்டுக் காரையால் மூடிவிடுதல். அதனால் விளையும் தீங்குகள் மூன்று.

முதலாவது நீரிழப்பு. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்யின் அஃது ஒரு லிட்டர் நீராகும். மேற்குமலைத் தொடரின் மழைமறைவில் அமைந்த இவ்வட்டாரத்தில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டரே. இருபதடி நீளமும் பத்தடி அகலமும் உள்ள புழக்கடை 200 சதுர அடி, அஃதாவது ஏறக்குறைய 18.6 சதுர மீட்டர். அதன்மேல் ஓராண்டில் விழும் நீர் 11,000 லிட்டருக்கு மேற்பட்டதாம். கூரையினின்று வழிவது இக்கணக்கிற் சேர்ந்ததன்று. முழுதும் மூடிய தளத்தில் இந்நீரெல்லாம் சாக்கடைக்கே செல்லும். ஒரு தெருவில் ஐம்பது வீட்டார் அங்ஙனம் செய்யின், ஐந்தரை லட்சம் லிட்டர் நீர் ஆண்டுதோறும் அத்தெருவின் கிணறுகளுக்கு மறுக்கப்படுகின்றது. அதுவும் நாள்தோறும் சிறுகச் சிறுகச் செல்வதன்று; ஐப்பசி, கார்த்திகையில் ஓரிரு மணி நேரத்திற் கொட்டும் மழையாய் ஒருங்கே சென்று, சாக்கடை கொள்ளாது தாழ்ந்த வீடுகளிற் புகும்.

இரண்டாவது வெப்பம். ஈரமண் நீரை ஆவியாக்கித் தன்னையும் தன்மேல் உள்ள காற்றையும் குளிர்விக்கும். காரைத்தளமோ பகல் முழுதும் வெயிலை உண்டு, இரவு முழுதும் அதனை உமிழும். இருபுறமும் சுவர் உயர்ந்த சந்தில் அவ்வெப்பம் வெளியேற வழியுமில்லை. பகலிற் கம்பெனியின் புழுக்கத்தில் நின்று வந்தவர் இரவில் வெளியே படுத்தும் உறங்கவியலாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

மூன்றாவது மரத்தின் அழிவு. அடிமரத்தை ஒட்டிக் காரை பூசிவிடின் வேருக்கு நீருமில்லை, காற்றுமில்லை. மரம் சில ஆண்டுகளில் நலியும். அன்றேல் வேர் தளத்தைப் பிளந்து எழும்ப, தளத்தைக் காக்கும் பொருட்டு மரம் வெட்டப்படும். எவ்வாறாயினும் தோற்பது மரமே. பின்னர் நிழலிழந்து தோற்பவர் மனிதர்.

இங்கு ஒரு தடை எழுதல் கூடும். நகரில் நிலத்தடி நீரைத்தான் எவர் பருகுகின்றனர், மேட்டுப்பாளையத்தருகே பவானியாற்றினின்று குழாய்வழி நீர் வருகின்றதே என்பர் சிலர். திருப்பூரின் அண்மைக்கால வரலாறே அதற்கு விடை. வெள்ளியங்கிரி மலைப்பகுதியிற் றோன்றிக் கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியிற் கலக்கும் நொய்யலாறு, சாயக்கழிவால் நெடுங்காலம் கெட்டொழிந்தது. பாசனத்திற்கென 1992ஆம் ஆண்டிற் றிறக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை சாயநீர் தேங்கும் குட்டையாகி, எவருக்காகக் கட்டப்பெற்றதோ அவ்வுழவரே அதன் நீரை வேண்டா என்னும் நிலை நேர்ந்தது. 2011ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாது சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு ஆலைகள் மாறவேண்டியதாயிற்று. எனினும், மண்ணுள் முன்னரே இறங்கிய உப்பு ஒரு நாளில் அகலுவதன்று. தூய மழைநீர் மேலும் மேலும் மண்ணில் இறங்கி அவ்வுப்பினை நீர்க்கச் செய்தலே இயற்கை அளித்த மருந்து. அம்மருந்து இறங்கும் வாய்களை ஒவ்வொரு வீட்டாரும் காரையால் அடைத்துக்கொண்டு, கிணறு உவர்க்கின்றதே என்று வருந்துதல் பொருந்துமா? எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருத்தல்வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டமையும் இவ்வுண்மை கருதியே யாம்.

சென்ற கோடை விடுமுறையில் ஊத்துக்குளிச் சாலையை அடுத்த காம்பவுண்டு ஒன்றினை யான் கண்டேன். எதிரெதிராய் ஆறு வீடுகள். நடுவே பன்னிரண்டடிச் சந்து. மூலையில் ஒரு வேம்பு. சந்து முழுதும் முன்னர்க் காரை பூசப்பட்டிருந்ததாம். மழைநாளில் நீர் உள்ளே புகுவதாகக் கடைசி இரு வீட்டாரும் முறையிட, வீட்டுக்காரர் கொத்தனாரை அழைத்தார். தளத்தை மேலும் உயர்த்துவதே வழி என்று எண்ணியிருந்த அவர்க்கு அக்கொத்தனார் வேறு வழி கூறினார். சந்தின் நடுவே ஒன்றரை அடி அகலத்திற்குக் காரையைப் பெயர்த்தெடுத்து, ஜல்லி நிரப்பி, அதன்மேற் கற்களை இடைவெளி விட்டு அடுக்கினார். வேம்பைச் சுற்றி நாலடிச் சதுரம் மண்ணாகவே விட்டார். பெயர்த்த காரைத் துண்டுகளை வேம்படியில் அடுக்கி ஒரு திண்டு கட்டினார். அதன் பின்னர் நீர் வீட்டினுட் புகவில்லை என்று அங்குள்ளோர் கூறினர். யான் சென்றபோது நான்கு மகளிர் அத்திண்டில் அமர்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தனர். "மின்சாரம் போனாலும் இங்கே விசிறி நிற்பதில்லை, தம்பி" என்று அவருள் மூத்தவர் வேம்பைக் காட்டி நகைத்தார். புழக்கடை பற்றிய நூல்கள் பல கூறுவதை அவ்வொரு சொல் கூறிற்று.

நெசவுத்தொழில் செழித்த நகரத்தார் சிறு நிலத்தைப் போற்றிய வகைக்குக் கீழைநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஜப்பானியரின் பழைய தலைநகராகிய கியோட்டோவில் நிஷிஜின் என்னும் பகுதி பட்டு நெசவிற்குப் பேர்பெற்றது. அங்கும் ஏனைத் தெருக்களிலும் வணிகரும் நெசவாளரும் வாழ்ந்த மச்சியா என்னும் வீடுகள் தெருப்பக்கம் மிகக் குறுகியும் உள்ளே மிக நீண்டும் இருக்கும். விலாங்குமீனின் படுக்கை என்று அவ்வீட்டைக் கேலியாகக் கூறுவர். அந்நீண்ட வீட்டின் இடையே வானம் திறந்த ஒரு சிறு தோட்டம் விடுவர். அதற்கு ட்சுபோ நிவா என்று பெயர். ட்சுபோ என்பது ஏறத்தாழ 36 சதுர அடி கொண்ட ஓர் அளவு. ஒரு கட்டில் போடும் அளவினும் சிறிதே பெரிதாகிய அவ்விடத்தில் சில கற்களும், ஒரு கற்றொட்டியும், பாசியும், நிழலில் வளரும் ஓரிரு செடிகளும் இருக்கும். கோடையில் அக்கற்களின்மேல் நீர் தெளிப்பர். அங்குக் காற்றுக் குளிர்ந்து வீட்டினுள்ளே நகரும். இடம் சிறிது என்பது அதனைப் புறக்கணித்தற்குக் காரணம் ஆகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனிச் செய்முறையைக் கூறுவாம். முதற்கண் செய்யவேண்டுவது பார்த்தல். ஒரு நாள் முழுதும் வெயில் எங்கெங்கு விழுகின்றது, மழையில் நீர் எத்திசை ஓடுகின்றது, கிணறும் கழிவறைத் தொட்டியும் குழாய்களும் எங்குள்ளன என்பவற்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் நிலத்தை நான்காகப் பகுக்க: நடக்கும் இடம், நீர் புழங்கும் இடம், அமரும் இடம், மண் இடம் என. மண்ணிடம் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாதிருத்தல் நன்று. நடைக்கு மூன்றடி அகலம் போதும். குடத்தை இடுப்பில் ஏந்தி ஒருவர் தடையின்றிச் செல்லலாம்.

அடுத்து மட்டம். தளம் எப்பொழுதும் வீட்டுச்சுவரினின்று விலகிச் சாய்தல் வேண்டும். பத்தடிக்கு இரண்டங்குலம் தாழ்வு இருப்பின் கண்ணுக்குச் சாய்வு தோன்றாது, நீரும் தேங்காது. வீட்டின் தரைமட்டத்திற்குத் தளம் கீழே நிற்றல் இன்றியமையாதது. ஆண்டுதோறும் பழைய தளத்தின் மேலேயே புதுத்தளம் போட்டு உயர்த்துவோர், தம் வீட்டைத் தாமே பள்ளத்தில் இறக்குகின்றனர் என்க. நீர் நிரப்பிய தெளிகுழாயொன்றும் கயிறும் இருந்தால் இம்மட்டத்தை எவரும் பார்க்கலாம்.

மூன்றாவது படுகை. கல்லின் வாழ்நாள் கல்லில் இல்லை. அதன் கீழுள்ள படுகையில் உள்ளது. எட்டங்குலம் தோண்டி, அடிமண்ணை நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்திறுக்குக. அதன்மேல் நாலங்குலம் ஜல்லி பரப்பி மீண்டும் இறுக்குக. அதன்மேல் இரண்டங்குலம் மணல். ஆற்றுமணல் அரிதாகிய இக்காலத்தில் எம் சாண்டு என்னும் கல்மணலே போதும். அதன்மேல் இரண்டங்குலக் கனமுள்ள கல். செம்மண்ணில் இவ்வளவு போதுமாயினும் கரிசலிற் போதாது. கரிசல் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் இயல்பினது. அங்கு ஜல்லிப் படுகையை இருமடங்காக்குதல் வேண்டும். இல்லையெனின் ஈராண்டிற்குள் கற்கள் ஏறியும் இறங்கியும் கிடக்கும்.

நான்காவது கல்லைத் தேர்தல். உளியாற் பொளிந்த கருங்கற்பலகை நெடுநாள் உழைக்கும், ஈரத்திலும் வழுக்காது. கடப்பைக்கல் விலை மலிவு. ஆயின் கரிய நிறத்தாற் பெரிதும் சுடும், மெருகிட்டது நனைந்தால் வழுக்கும். ஆகவே நிழலிடத்திற்கு மெருகிடாததையே கொள்க. சாகாபாத் கல் வெளிர்சாம்பல் நிறத்ததாதலின் வெப்பம் சிறிது குறைவு. சிமெண்டுப் பாவுகற்கள் எளிதிற் கிடைக்கும். அடுக்கலும் எடுக்கலும் எளிது. இவற்றினும் சிறந்தது பழைய கல். மாவரைக்கும் இயந்திரம் வந்தபின் வீடுதோறும் வேலையற்றுக் கிடக்கும் ஆட்டுக்கல்லும் அம்மியும் உரலும் படியாகவும் இருக்கையாகவும் பறவைகள் நீர் பருகும் தொட்டியாகவும் பயன்படும். பாட்டியின் கை தேய்த்த அம்மியின்மேற் பேரன் அமர்ந்து பாடம் படித்தல் அதற்கு இழுக்கன்று.

ஐந்தாவது, இக்கட்டுரையின் உயிர்நிலையாகிய இடைவெளி. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காலங்குலம் முதல் அரையங்குலம் வரை விட்டு, அதனைப் பருமணலாலோ சிறு ஜல்லிப் பொடியாலோ நிரப்புக, சிமெண்டு பூசற்க. அவ்விடைவெளியிற்றான் மழை இறங்கும். சற்று அகல விட்டு அறுகு வளர்ப்பாரும் உளர். குழாய் பழுதாயின் இரண்டு கல்லை எடுத்துச் செப்பம் செய்து மீண்டும் வைத்துவிடலாம். காரைத்தளமாயின் உடைத்துப் பூசிய வடு என்றும் மாறாது. தளம் பரவிச் சரியாமைக்கு ஓரங்களில் மட்டும் செங்குத்தாக ஓரக்கல் நட்டுச் சாந்திட்டு நிறுத்துக.

துவைகல்லும் பாத்திரம் விளக்கும் இடமும் இவ்விதிக்கு விலக்கு. சவர்க்கார நீர் கிணற்றை நோக்கி இறங்குதல் தகாதாதலின், அங்கு மட்டும் இடைவெளியைச் சாந்தால் அடைத்து, சிறு வாய்க்கால் வைத்து, அந்நீரை வாழை, கல்வாழை, சேம்பு ஆகியவற்றின் பாத்திக்கு விடுக. சாயமும் அமிலமும் கலந்த நீரை எப்பாத்திக்கும் விடலாகாது.

கூரைநீருக்கு ஒரு குழி வேண்டும். மூன்றடிச் சதுரமும் நாலடி ஆழமும் தோண்டி, அடியிற் பெருங்கல், இடையில் ஜல்லி, மேலே மணல் என நிரப்பி, கூரைக்குழாயை அதனுள் விடுக. கழிவறைத் தொட்டியினின்றும் வீட்டின் கடைக்காலினின்றும் இயன்ற அளவு விலகியிருத்தல் வேண்டும். கரிசல் நிலத்திற் களிமண்ணைக் கடந்து இளகிய கற்படுகையை எட்டும்வரை ஆழப்படுத்தினாலன்றி நீர் உண்ணாது. மேல்மணலை ஆண்டுக்கொருமுறை, ஐப்பசிக்கு முன், எடுத்துக் கழுவி இடுதல் போதும். நீர் இரண்டு நாளுக்குள் வடிந்துவிடுமாயின் கொசு என்னும் அச்சத்திற்கும் இடமில்லை.

அமர்வதற்குத் திண்ணையினும் சிறந்ததில்லை. தரையினின்று பதினாறு அங்குல உயரமும் ஒன்றரை அடி அகலமும் கொண்டு, பிற்பகலில் நிழல் விழும் சுவரோரத்தில் நீளமாகக் கட்டின், நாற்காலிகள் அடைக்கும் இடம் மிஞ்சும். அதன்மேல் நான்கு கல்லுக்கால் நட்டு அவரையோ கோவையோ மல்லிகையோ படரவிடலாம். மரமாயின், சிறு மனைக்கு முருங்கையும் கறிவேம்பும் போதும். முருங்கைக் கிளை மேல்காற்றில் எளிதின் முறியுமாதலின் படுக்குமிடத்திற்கு மேலே அதனை வையற்க. வேம்பும் புங்கும் தரும் நிழல் நிகரற்றது. ஆயின் சுவரினின்று விலக்கி நட்டு, அடியில் நாலடிச் சதுரமேனும் மண் விடுதல் வேண்டும். ஆலும் அரசும் ஏரிக்கரைக்கு உரியன.

வாடகைக்கு வாழ்வோர் இவையெல்லாம் எமக்கு இயலுமோ எனலாம். சாந்தின்றி அடுக்கும் கல்லின் தனிச்சிறப்பு இங்கே தோன்றும். பத்துக் கற்களும் சிறிது மணலும் ஒரு விடுமுறைநாளின் உழைப்பும் இருப்பின் குழாயடிச் சேற்றை ஒழிக்கலாம்; வீடு மாறுங்கால் கல்லையும் உடன்கொண்டு செல்லலாம். வீட்டுக்காரர்க்கோ, முழுத்தளத்திற்குச் செலவிடும் பொருளினும் இடைவெளித் தளத்திற்கு மிகுதியாக வேண்டுவதில்லை. வேண்டுவது கொத்தனாரிடம் "இவ்விடத்தை விட்டுவிடுங்கள்" என்று கூறும் ஒரு சொல்லே. அச்சொல்லைக் கூறுதற்குத்தான் கல்வி வேண்டும்.

திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2022ஆம் ஆண்டிற் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்று, 2024ஆம் ஆண்டில் உலகச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பெற்றது. தொழிலாற் பழியுற்ற நிலத்திலும் நீர் திரும்பினால் உயிர் திரும்பும் என்பதற்கு அப்பறவைகளே கரி. குளத்தைக் காப்பது அரசின் கடமையெனின், குளத்திற்கும் கிணற்றுக்கும் ஊற்றாகிய மண்ணைக் காப்பது மனையுடைய ஒவ்வொருவர் கடமையுமாம்.

கல் காலுக்கு, மண் நீருக்கும் வேருக்கும். இவ்விரண்டிற்கும் உரிய பங்கினை அளந்து கொடுத்தலே புழக்கடை யமைப்பின் முழுமுறையும். நம் கல்லூரியினின்று வெளியேறி நாளை வீடு கட்டுவோரும், விடுதி நடத்துவோரும், நகராட்சியிற் பணியாற்றுவோரும் இம்மலரைப் படிப்போருள் இருப்பர். புழை என்பது திறப்பு என்று நம் முன்னோர் வைத்த பெயரை அவர்கள் நினைவிற்கொண்டு, தம் புழக்கடையில் மண்ணுக்கு ஒரு வாயில் விட்டு வைப்பாராக.